சாய்த்து வெட்டிய நகம்

பூட்ஸை உருவியபோது சாக்ஸும் பாதி கூடவே வந்தது. பெருவிரல் நுனியில் மட்டும் வரமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டு நின்றது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். பூக்கட்டும் கொட்டகைக்குப் பின்னால் வெயில் விழும் சுவரோரம், அடுக்கி வைத்த அட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தோம். என் மடியில் அவித்த மொச்சையும் இரண்டு உருளைக்கிழங்கும் ஆறிக்கொண்டிருந்தன. குழாய்த் தண்ணீரைக் கையில் பிடித்துச் சாக்ஸின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஊறியபின் மெதுவாக விட்டுக்கொடுத்தது. உள்ளே விரல் தக்காளிப் பழம் மாதிரி இருந்தது. நகத்தின் ஓரத்தில், சதை எழும்பி நகத்தை மூடிய இடத்தில், மஞ்சளாக ஒரு கோடு. இடது கால் பூட்ஸையும் கழற்றிப் பார்த்தேன். அந்தப் பெருவிரல் தூங்குகிற குழந்தை மாதிரி நிம்மதியாக இருந்தது. ஒரே உடம்பு, ஒரே வேலை, ஒரே ஈரம். ஒரு விரல் வெந்துபோக, மற்றது மட்டும் எப்படித் தப்பித்தது? வலியை விட இதுதான் என்னை அதிகமாகக் குடைந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரொசாவுரா எட்டிப் பார்த்தாள். அவள் என் வீட்டுக்காரர் செகுந்தோவின் அக்கா. எனக்கு நாத்தனார். அதே கொட்டகையில் எனக்கு அடுத்த மேசையில் நின்று ரோஜா கட்டுகிறவள்.

"வளர்பிறையில நகம் வெட்டியிருப்படி. அதான் வெறி புடிச்சு வளருது."

"தேய்பிறையிலதான் அண்ணி வெட்டுனேன். நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க."

"அப்போ ஆழமா வெட்டல. இன்னும் கொஞ்சம் உள்ள விட்டு மூலையத் தோண்டி எடுத்திருக்கணும்." மொச்சையை உரித்துத் தோலைத் துப்பினாள். "அது கெடக்கட்டும். சான் பெத்ரோவுக்கு இந்தக் காலோட எப்படி ஆடப்போற?"

அதுதான் விஷயம். ஜூன் கடைசியில் சான் பெத்ரோ திருவிழா. ஒவ்வொரு ஊராகப் பாடிக்கொண்டு, தரையை மிதித்துக்கொண்டு காயாம்பே மலைச்சரிவில் இறங்கிப்போய் நகரச் சதுக்கத்தை ஆடிப் பிடிப்போம். எங்கள் ஊருக்கு முன்னால் நின்று அடியெடுத்துக் கொடுக்கிற பெண் ரொசாவுராதான், எனக்குக் கல்யாணமாகி வந்த நாள் முதலாக. போன வருஷம் பாதிப் பாட்டில் அவள் தொண்டை கட்டிவிட்டது. பின்வரிசையில் நின்ற நான் வாய்க்கு வந்த வரிகளைப் போட்டு ஒப்பேற்றினேன். திரும்பி வரும்போது பெண்கள் எல்லாரும் கூடி, அடுத்த வருஷம் எலோய்சா நிற்கட்டும் என்று என்னைக் காட்டிச் சொல்லிவிட்டார்கள். நான் ஆசைப்பட்டுக் கேட்கவில்லை. ஆனால் சொன்ன பிறகு ஆசை வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து யாரோ விதைத்ததைப் பிடுங்கி, யாரோ வளர்த்ததைக் கட்டி, யாரோ சொன்ன வரிசையில் நின்றே பழகியவள் நான். முதல் வரிசை என்று ஒன்று இருக்கிறது, அங்கே நம் அடியைக் கேட்டு மற்றவர்கள் அடியெடுப்பார்கள் என்பது ராத்திரியில் நினைத்தால்கூட உடம்பைச் சூடாக்கியது. முன்னால் நிற்கிறவள் நொண்டக்கூடாது. அவள் கால் விழுகிற சத்தம்தான் மற்றவர்களுக்கு மேளம்.

"முடியலேன்னா இப்பவே சொல்லிடு," என்றாள் ரொசாவுரா. "எனக்கு இப்ப தொண்டை நல்லாத்தான் இருக்கு. பாரு." வேண்டுமென்றே ஏப்பம் விட்டுக் காட்டினாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாக்ஸை மாட்டும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

வீட்டில் செகுந்தோ விளக்கைக் கிட்டத்தில் கொண்டுவந்து விரலைப் பார்த்தார். "வானவில் எறங்குற ஊத்துல கால வச்சிருப்ப. மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனியே, அன்னைக்கு" என்றார். வானவில் தொட்ட இடம் புண்ணாகும் என்பது அவர் கட்சி. "ரெண்டு காலையும்தானே வச்சேன், வானவில்லுக்கு வலது காலத்தான் புடிச்சுதா?" என்று கேட்டேன். அவர் யோசித்தார். "ஆம்பள வானவில்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

சுகாதார நிலையத்தில் இந்த வருஷம் ஒரு சின்ன வயது டாக்டர். பெயர் மிலேனா. கடலோர ஊர்க்காரி. மலைக்குளிர் தாங்காமல் வெள்ளைக் கோட்டுக்குள் இரண்டு கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். பேச்சு மழை கொட்டுகிற மாதிரி. என் காலை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, விரல் நுனியைக் குத்திச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை என்றதும் ஸ்டூலை இழுத்துப்போட்டுக் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். என் காலை அவ்வளவு நேரம் அவ்வளவு அக்கறையாகப் பார்த்தவர் யாரும் இல்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது.

"நகம் எப்படி வெட்டுவீங்கம்மா? எங்கிட்ட வெட்டிக் காட்டுங்களேன், இடது கால்ல. வெட்ட வேணாம், கத்திரியப் புடிச்சு மட்டும் காட்டுங்க."

பிடித்துக் காட்டினேன். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ஏன் சாய்ச்சுப் புடிக்கிறீங்க?"

இப்படி ஒரு கேள்வியா என்று இருந்தது. "சாய்ச்சு வெட்டுனாத்தானே டாக்டரம்மா தண்ணி நிக்காது? நேரா வெட்டுனா வெட்டுவாயில தண்ணி தங்கி அழுகிப் போயிடும்."

"எது அழுகிப் போயிடும்?"

"ரோஜாத் தண்டு."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்த முடியாமல் சிரித்தாள். நானும்தான். இத்தனை வருஷம் தண்டின் தளிர்மொட்டுக்கு மேலே விரற்கடை விட்டுச் சாய்த்து வெட்டிய கை, நகத்தைக் கண்டாலும் அதையே செய்திருக்கிறது. எங்கள் கொட்டகையில் எந்தப் பெண்ணின் காலைப் பார்த்தாலும் பெருவிரல் நகம் சாய்வாகத்தான் இருக்கும். அதுதான் ஒழுங்கு என்று நினைத்திருந்தோம். ஒருத்திக்கொருத்தி வெட்டிவிட்டு, "மூலை வரைக்கும் சுத்தம்" என்று பெருமை வேறு.

டாக்டர் காகிதத்தில் வரைந்து காட்டினாள். நகம் கெட்டது இல்லையாம். அதற்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் போவதுதான். மூலையைச் சாய்த்துத் தோண்டி எடுத்தால், கத்திரி எட்டாத அடியில் சின்னதாக ஒரு முள் மிஞ்சிவிடுகிறது. நகம் முன்னால் நகரும்போது அந்த முள்ளும் நகர்கிறது. மேலே நகம் இல்லாத இடத்தில் சதை வந்து படுத்துக்கொள்கிறது. பூட்ஸ் அந்தச் சதையை முள்ளின் மேல் போட்டு அழுத்துகிறது. "நகம் சதைக்குள்ள போகுதுன்னு சொல்றோம். பாதி நேரம் சதைதான் போய் நகத்துல குத்திக்குது" என்றாள். நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் மேல் தப்பு என்று தெரியாமல் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் புண்ணாக்குவதை வீட்டிலும் ஊரிலும் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். என் விரலுக்குள்ளேயே அப்படி ஒரு குடும்பம் நடப்பது தெரியாமல் போயிற்று.

"ரெண்டு வழி இருக்கு. ஊசி போட்டு மரக்க வச்சு, ஓரத்துல ஒரு கீத்து நகத்த எடுத்துடலாம். சீக்கிரம் தீரும். ஆனா ஆறுற வரைக்கும் ஆட்டம் கீட்டம் கூடாது. இல்லைன்னா பஞ்சு. தெனம் உப்புத் தண்ணியில ஊற வச்சு, மூலைக்கு அடியில பஞ்சுத்திரி சொருகி, நகத்தக் கொஞ்சம் கொஞ்சமாத் தூக்கி வெளிய வழி காட்டணும். வெட்டவே கூடாது. சதைய விட்டு வெளிய வந்தப்புறம் நேரா வெட்டணும். பொறுமை வேணும்."

"திருவிழா இருக்கு டாக்டரம்மா. நான்தான் முன்னால நிக்கணும்."

"அப்போ பஞ்சு. ஆனா அந்தக் கால ஓங்கி மிதிக்காதீங்க. சிவப்பு மேல ஏறுனாலோ காய்ச்சல் வந்தாலோ திருவிழாவாவது ஒண்ணாவது, நேரா இங்க வந்துடணும்."

எழுந்து நின்றபின் கேட்டேன். "ரெண்டு கால்லயும் ஒரே மாதிரிதான் வெட்டுறேன். இடது காலு ஏன் சும்மா இருக்கு?"

டாக்டர் என் இடது காலைத் திரும்பப் பார்த்தாள். "அது எனக்கும் புரியல. கண்டுபிடிச்சா வந்து சொல்லுங்க" என்றாள். விளையாட்டாகச் சொன்ன மாதிரி இல்லை.

அன்று சாயங்காலம் பூட்ஸைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைக் கழுவினேன். சேறு போனதும் எண் தெரிந்தது. முப்பத்தாறு. எழுத்தும் எண்ணும் எனக்குத் தலை நரைத்த பிறகு பள்ளிக்கூடத்து மாலை வகுப்பில் வந்தவை. அதற்கு முன்னால் பூட்ஸ் கொடுக்கும் ஜன்னலில் நின்று "எப்பவும் போல" என்று சொல்வேன். எப்பவும் போல என்றால் முதன்முதலில், மூன்று பிள்ளை பெறுவதற்கு முன்னால், என் காலுக்குச் சரியாக இருந்த அளவு. பிள்ளை ஒவ்வொன்றும் பாதத்தைக் கொஞ்சம் அகட்டிவிட்டுத்தான் போயிருக்கிறது. மறுநாள் ஜன்னலில் "முப்பத்தெட்டு" என்றேன். சாமான் அறைக்காரர் நிமிர்ந்து, "என்னம்மா, கால் இந்த வயசுலயும் வளருதா?" என்றார். "ஆமா, படிக்கப் போனேன், வளந்துடுச்சு" என்றேன். புது பூட்ஸுக்குள் விரல்களை விரித்தபோது, நெரிசலான பஸ்ஸில் பாதிப்பேர் இறங்கிவிட்ட மாதிரி இருந்தது.

பஞ்சு வேலை ஜெபமாலை மாதிரி ஆகிவிட்டது. அகலச் சட்டியில் வெந்நீர், உப்பு, விளக்கு வெளிச்சம். பஞ்சை மெல்லிய திரியாகத் திரித்து, பல் குத்தும் குச்சியின் மழுங்கிய முனையால் மூலைக்கு அடியில் நகர்த்துவேன். முதலில் கண்ணீர் வரும். அப்புறம் கண்ணீர் வராத நாளும் வந்தது. வீக்கம் வடிந்து, நகத்தின் ஓரம் தண்ணீரிலிருந்து கரையேறுகிற மாட்டின் முதுகு மாதிரி வெளியே தெரிந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் என்னைச் சுமந்த காலின் முகத்தை அப்போதுதான் பார்க்கிறேன் என்று தோன்றும். செகுந்தோ ஒருநாள் கதவருகில் நின்று, "என்னை இப்படி ஒருநாளாவது பாத்திருக்கியா?" என்றார். "ஒங்களுக்குச் சீழ் புடிக்கட்டும், பாக்குறேன்" என்றேன்.

தேய்பிறை ஞாயிறு வந்தது. தலை முடியை வளர்பிறையில் வெட்டுவோம், தழைத்து வளர. நகத்தைத் தேய்பிறையில், சோம்பி வளர. ரொசாவுரா கத்திரியும் வாளியுமாக வந்து முற்றத்தில் உட்கார்ந்தாள். அவள் நகம் ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. சாய்வாக, மூலை வரைக்கும். நான் உப்புத் தண்ணீர்ச் சட்டியில் இரண்டு காலையும் வைத்து உட்கார்ந்திருந்தேன்.

"நீட்டு."

"வேணாம் அண்ணி. வெட்டக் கூடாதுன்னு இருக்கு."

"திருவிழாவுக்கு முன்னாடி இதுதான் கடைசித் தேய்பிறை. மண்வெட்டி மாதிரி நகத்த வச்சுக்கிட்டு எங்க ஊருக்கு முன்னால நடப்பியா? பாக்குறவன் என்ன சொல்லுவான்?"

உண்மையில் எனக்கும் கை அரித்தது. மூலையில் ஒரு கீற்று. ஒரே ஒரு கீற்று எடுத்துவிட்டால் அன்றைக்கு எவ்வளவு சுகமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சுகத்தை நம்பித்தான் மாதாமாதம் முள்ளை விதைத்திருக்கிறேன். கத்திரியைப் பார்க்காமல் இருக்க வேறு எதையாவது நினைக்க வேண்டும். திருவிழாவுக்குப் பாட்டு யோசிக்க ஆரம்பித்தேன். மலையிலிருந்து தொடங்கலாம் என்று முனகினேன்:

மலைக்கொரு வெள்ளைத் தொப்பி, மாமனுக்குக் கறுப்புத் தொப்பி,
மலைத்தொப்பி சாயலையே, மாமன்தொப்பி ஏன் சாஞ்சுது?

சோளக் கள்ளாலே என்று முடிக்கப் போனேன். அதற்குள் சளார் என்று தண்ணீர் தெறித்து ரொசாவுராவின் மடியெல்லாம் நனைந்துவிட்டது.

"அடியே! அந்தக் காலக் கொஞ்சம் கட்டித்தான் வையேன்! கொட்டகையிலயும் இதே கூத்து, இங்கயும் இதே கூத்து!"

"கொட்டகையில என்ன கூத்து?"

"தெரியாத மாதிரி கேக்குறா பாரு. காலையில வந்து நின்னா, பொழுது சாயற வரைக்கும் தொம், தொம், தொம். பூட்ஸால தரையக் குத்திக்கிட்டே பூக்கட்டுவ. வாயில முணுமுணுப்பு வேற. ஒன் சத்தத்துலதான் நாங்க எல்லாரும் கை ஓட்டுறோம். நீ லீவு போட்ட அன்னைக்கு எனக்கு ஒரு கட்டு நேரா வராது."

நான் சட்டியைப் பார்த்தேன். தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. ஆடியது வலது கால் பக்கம்.

ரொசாவுரா மடியைப் பிழிந்துகொண்டே கத்திரியை இடுப்பில் செருகினாள். போகும்போது படலுக்கு வெளியே நின்று, பழைய குரலில், எனக்குக் கேட்கிற மாதிரி பாடினாள்:

கையில பூ கட்டுறாளாம், கட்டுக்கட்டா கட்டுறாளாம்,
காலுக்குள்ள முள்ள வச்சுக் கட்டுனவ யாரடியோ?

தொண்டை உண்மையிலேயே சரியாகித்தான் இருந்தது.

மறுநாள் கொட்டகையில் என் காலுக்கு நானே காவல் நின்றேன். சில்லென்ற ஈரத்தரை, மேசை மேல் சிவப்பு ரோஜாக் குவியல், கையில் பூவைச் சுற்றிக் கட்டும் அட்டை. கை ஓட ஆரம்பித்ததும் குதிகால் தானாக எழும்பியது. ஊன்றி நிறுத்தினேன். புது பூட்ஸிலும் முனையில் போய் முட்டுவதற்காகவே அந்த விரல் பிறந்தது மாதிரி, நான் நிறுத்துமுன் விழுந்த ஒவ்வொரு அடியிலும் துடித்தது. இடது கால் சும்மா உடம்பைத் தாங்கிக்கொண்டு நின்றது. டாக்டருக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்துவிட்டது. ஆனால் காலை நிறுத்தியதும் உள்ளே இருந்த பாட்டும் நின்றுபோனது. வார்த்தைகள் இருந்தன. கோக்கக் கயிறு இல்லை. சாப்பாட்டுக்கு முன்னால் மேற்பார்வைக்காரி வந்து, "என்ன, இன்னைக்கு எல்லாரும் தூக்கத்துல நிக்கறீங்களா? யாருக்கும் கை ஓடல?" என்று கத்தினாள். ரொசாவுரா என்னைப் பார்த்தாள். நான் ரோஜாவைப் பார்த்தேன்.

பாட்டு எங்கிருந்து வருகிறது என்று நான் யோசித்ததே இல்லை. தலையிலிருந்து, இல்லாவிட்டால் வயிற்றிலிருந்து என்று நினைத்திருப்பேன். அந்த வாரம் முழுவதும் அதையே சோதித்துப் பார்த்தேன். அடுப்பங்கரையில், தண்ணீர் சுமக்கையில், மாட்டுக்குப் புல் அறுக்கையில். கால் சும்மா இருந்தால் ஒரு வரிகூடக் கூடவில்லை. வலது காலை விட்டால் ஊற்று மாதிரி வரும். கூடவே விரலும் சிவந்துவிடும். இடது காலை மிதித்துப் பார்த்தேன். ஊர்க்காரரைப் பார்த்து அந்நியர் பேசுவது மாதிரி இருந்தது. அடி பிந்தி விழுந்தது, வார்த்தை முந்திப் போனது. எழுதக் கற்றுக்கொண்ட புதிதில் பென்சிலை இப்படித்தான் பிடித்தேன் என்பது ஞாபகம் வந்தது. கை என்னுடையது, ஆனால் என் பேச்சைக் கேட்காது. கிழங்கு உரித்துக்கொண்டே இடது காலால் மிதிப்பேன். நாய் எழுந்து வேறு பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். திருவிழாவுக்கு முந்தின நாள், உரித்த தோல் எல்லாம் சிதறிக் கிடக்க, இரண்டு வரி வந்தது. நேரான வரிகள் இல்லை. கொஞ்சம் நொண்டிக்கொண்டு வந்தன. ஆனால் வந்தன.

சான் பெத்ரோ அன்று வெயில் சுள்ளென்று அடித்தது. காயாம்பே மலை ஒரு மேகம் இல்லாமல் நின்றது. மடிப்புப் பாவாடை, புதுத் தொப்பி. கயிற்றுச் செருப்பின் முன்பக்கத் துணியில், வலது காலில் மட்டும், பெருவிரலுக்கு ஒரு ஜன்னல் வெட்டியிருந்தேன். நகம் சதையைத் தாண்டி நேராக, மண்வெட்டி மாதிரியே வெளியே நின்றது. மூலையில் ஒரு துளி வெள்ளைப் பஞ்சு. சதுக்கத்தின் வாசலில் எங்களுக்கு முன்னால் போன ஊர்க்காரர்கள் கிளப்பிய தூசி இன்னும் அடங்கவில்லை. கிதார்க்காரர்கள் ஸ்ருதி பார்த்தார்கள். என் முதுகுக்குப் பின்னால் எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாரும். அவர்களுக்கு முதலில், என் தோளுக்கு நேராக, ரொசாவுரா.

"எந்தக் காலுடி?" என்று காதருகில் கேட்டாள்.

நகம் ஒருபக்கம், சதை ஒருபக்கம். வலது காலை ஓங்கினால் பாட்டு சுத்தமாக இருக்கும், நாளைக்கு டாக்டர் ஊசியை எடுப்பாள். இடது காலை ஓங்கினால் பின்னால் இருப்பவர்கள் தடுமாறுவார்கள், தடுமாறட்டும் என்று விடுவதா? அவர்கள் பிறந்ததிலிருந்து வலது காலில்தான் தொடங்கியிருக்கிறார்கள். அந்த ஒரு கணத்தில் எல்லாரும் நின்றுவிட்டால், ஒரு குரல் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். எந்தக் குரல் என்றும் தெரியும்.

மூச்சை இழுத்துப் பாடினேன்.

வலது காலு வீட்டுல இருக்கு, வாசல் காக்கச் சொல்லி வந்தேன்.
எடது காலு எளையவதானே, இன்னைக்கு அவள ஆட விட்டேன்!

இடது கால் தரையில் விழுந்தது. தொம் என்று ஒற்றைச் சத்தம். பின்னால் ஒன்றும் கேட்கவில்லை. கிதார்க்காரர் ஒருவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எங்கோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். யார் என்று தெரியவில்லை. அடுத்த அடிக்குக் காலைத் தூக்கியபோது, கண்ணோரத்தில் ரொசாவுராவின் பாவாடை மடிப்பு அசைந்தது. அவள் கயிற்றுச் செருப்பு தூசியிலிருந்து மெல்ல மேலே எழுந்தது. என்னோடு வருகிற இடதா, தானே தொடங்கப்போகிற வலதா என்று பார்க்கத் தலையைத் தாழ்த்தினேன். முதலில் கண்ணில் பட்டது என் விரல்தான். ஜன்னலுக்கு வெளியே நீண்டு நின்ற நகத்தின் மேல் சதுக்கத்துப் புழுதி பவுடர் போட்ட மாதிரி படிந்திருந்தது.